பாலாவியில் அடிக்காத காற்று

மகன்,

டயரில் காற்றுப் பார்ப்பது இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். காலையில், வாகனத்தை எடுக்க முன்னம், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் மானி கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் டயர் ஆறியதும் குறைந்துபோயிருக்கும். எத்தனை இறாத்தல் காற்று என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் நிறைய இருந்தால் அதற்கு வேறு கணக்கு, அதுவும் அங்கேயே இருக்கும். தூரப் பயணம் என்றால் புறப்படும் காலையில் ஒருமுறை பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஸ்டியரிங்கைக் கையால் தொட்டே பார்க்காத, அறுபத்தெட்டு வயதுப் பெண் உனக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். அதைச் சொல்ல உட்கார்ந்தவள் நேரே அங்கே போக முடியாமல் டயரில் தொடங்கியிருக்கிறேன்.

போன கிழமை டிலானி எனக்கு அழைப்பெடுத்தாள். நீ கட்டப்போகும் பெண் உனக்குத் தெரியாமல் என்னோடு பேசியதற்காக அவளைக் கோபிக்காதே. தொடக்கத்தில் என் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டாள், மழையைப் பற்றிச் சொன்னாள். பிறகு குரல் மாறிவிட்டது. "மாமி, உங்கட மகன் நல்லவர். அதுல ஒரு கதையும் இல்ல. ஆனா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "என்ன பயம் பிள்ள?" என்றேன். "நேத்து அப்பாவுக்கு நெஞ்சுக்குள்ள அடைக்குது எண்டு வேர்த்து ஊத்தினது. நானும் அண்ணாவும் பிடிச்சு இவர்ட காருக்குள்ள ஏத்திட்டம். இவர் மழையில முழங்கால்ல நிண்டு டயர் பாக்கிறார். நாலு டயரையும் பாத்திட்டுத் திரும்பவும் முதல் டயருக்குப் போறார். நான் கத்துறன், இவர் 'ஒரு நிமிசம், ஒரு நிமிசம்' எண்டு சொல்றார். கடைசியில அண்ணா ஓடிப்போய் த்ரீவீல் பிடிச்சுக்கொண்டு வந்தவர்." அவளுடைய அப்பாவுக்கு வந்தது வாயுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டாராம். "அப்பா இப்ப சிரிக்கிறார், மருமகன் டயருக்கு நாடி பாத்தார், எனக்குப் பாக்கல்ல எண்டு. அம்மா சிரிக்கல்ல மாமி. நாளைக்கு எனக்குப் பிள்ள நோவு வந்தா இவர் என்ன செய்வார்? இவருக்கு என்ன நடந்தது எண்டு நீங்களாவது சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் சின்ன வயசிலயிருந்தே கவனமான பிள்ள" என்று சொன்னேன். பத்து வருடத்துக்கு முன்பு அப்பாவின் மரண விசாரணையில் பேசிய அதே குரல்தான். அவள் "சரி மாமி" என்று வைத்துவிட்டாள். கோயிலில் உங்கள் திருமண அறிவித்தலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்தாகிவிட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பங்குச் சுவாமி வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை வருகிற ஞாயிறு. உன்னோடு பேசுவதற்கு மூன்று நாள் போனை எடுத்தேன். ஒருநாள் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினோம். ஒருநாள் சேலைக் கடையைப் பற்றி. மூன்றாம் நாள் நீ, "அம்மா, ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

உன் அப்பா டயர்க் காற்றைச் செபத்தால் அளந்தவர். உனக்கு அது மறந்திருக்காது. கற்பிட்டிக்கு அங்கால் மணலில் மீனவர் கொட்டில் போட்டிருக்கும் மீன் வாடிகளுக்கு ஐஸும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போகும்போது, தார் முடியும் இடத்தில் வானை நிறுத்துவார். இறங்கி, டயரின் வால்வில் நெருப்புக்குச்சியை வைத்து அழுத்தி, காற்று சீறும்போது அருள் நிறைந்த மரியே சொல்லுவார். ஒரு டயருக்கு மூன்று. மூன்று முடிந்தால் மணலில் புதையாத அளவுக்கு டயர் தளர்ந்திருக்கும். திரும்பி வந்து தாருக்கு ஏறும்போது கால் பம்பால் மறுபடி நிரப்புவார். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். செபம் மணிக்கூடு அல்ல என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "டீச்சர், மாதாவுக்கும் காத்து வாங்க ஆசை இருக்காதா?" என்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று நான் அவரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் அவருடைய பற்றுச்சீட்டுகளில் எழுத்துப் பிழையைத் திருத்தாமல் விட்டதும் இல்லை.

சண்டைக் காலத்தில் பாலாவி வரைக்கும் பாதிக் காற்றோடு ஓடினாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதை முழுக்கப் பள்ளம். நான்கு மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி. இறங்கு, ஏறு, அடையாள அட்டையைக் காட்டு. எந்த வாகனமும் மாட்டு வண்டியை முந்தாத காலம். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மணலை விட்டு ஏறினால் வழியில் எங்கேயாவது அடித்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஓடுவார்கள். சண்டை முடிந்து சாவடிகளை எடுத்தார்கள். பாதைக்குத் தார்க் காபெட் போட்டார்கள். வழுக்கிக்கொண்டு போகிற பாதை. பாதைதான் மாறியது, எங்கள் பழக்கம் மாறவில்லை.

அந்த வருடம் வாடிக் கோயிலின் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குச் சிலாபத்தில், நான் படித்த கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினராக என்னை அழைத்திருந்தார்கள். அழைப்பிதழை நான் அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருந்ததை நீ கண்டிருப்பாய். காலையில் மணலுக்கு இறங்கும்போது நான்கு டயரிலும் காற்றைத் திறந்தது நீ. அப்பா வானுக்குள் இருந்து, "ரெண்டு மரியே போதும் மகன், இண்டைக்கு டீச்சர் மட்டும்தான் பாரம்" என்று சொல்ல, நீ சிரித்தாய். பூசை முடிந்து சாப்பிட்டுத் திரும்பி, தாருக்கு ஏறும் இடத்தில் பம்பை எடுத்தாய். அதன் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. போன கிழமையே மாற்றச் சொல்லி அப்பா உன்னிடம் சொல்லியிருந்தார். நீ மறந்திருந்தாய். உன் முகம் சின்னதாகிப் போனது. உன் சிநேகிதர்கள் மணலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பரவாயில்ல மகன், நீ போ. நான் பாலாவியில அடிச்சிக்கிறன்" என்றார் அப்பா. உனக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். அதற்குப் பிறகு நடந்ததை நீ பத்து வருடமாக உன் பாட்டில் எழுதி வைத்திருக்கிறாய். அப்பா பாலாவியில் மறந்துவிட்டார், நான் குழாயை மாற்றியிருந்தால் மறந்தாலும் ஒன்றும் நடந்திராது என்று.

அப்பா மறக்கவில்லை மகன்.

பாலாவிச் சந்தியில் டயர்க் கடைக்கு முன்னால் வானை ஓரங்கட்டினார். இரண்டு லொறி எங்களுக்கு முன்னால் நின்றன. "டீச்சர், காத்து அடிச்சிட்டுப் போவம். வான் குந்திக் குந்திப் போகுது" என்றார். எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டேன். இருபது நிமிடம் என்றார். "மதுரங்குளியிலயும் கடை இருக்குத்தானே?" "இருக்கு." "அப்ப அங்க அடிக்கலாம்." அவர் லொறிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரதம விருந்தினர் வந்திருக்கிறா எண்டு சொன்னா லொறிக்காரர் வழி விடுவாங்க. கேட்டுப் பாக்கட்டா?" என்று பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் வானை எடுத்தார்.

மதுரங்குளியில் கடையின் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. ஜும்ஆ நேரம். கடைக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்த சிங்களப் பெண் வெளியே வந்தாள். "முதலாளி பள்ளிக்குப் போன மிஸ். இண்டைக்கு வெள்ளி தானே. அரை மணித்தியாலம். உள்ளுக்கு வந்து இருங்க, பிளேன்டீ ஊத்தித் தாறன்" என்றாள். அப்படியே குனிந்து பின் டயரைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "ஐயோ மஹத்தயா, இது பஞ்சு மாதிரி. இதோட போக வேணாம்." அப்பா என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றார். "என்ன செய்வம் டீச்சர்?" என்று கேட்டார். வாகனம் அவருடையது, முப்பது வருடம் ஓட்டியவர் அவர், காற்றைப் பற்றித் தெரிந்தவர் அவர். ஆனாலும் என்னிடம் கேட்டார். அந்த வீட்டில் எதையும் தீர்மானிப்பது நான்தான் என்று நான் அவரைப் பழக்கியிருந்தேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்க நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க ஒருநாளும் ஒண்டையும் நேரத்துக்குச் செய்ததில்ல. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் பிந்திப் போனதில்ல. எடுங்க வான." அவருடைய காது சிவந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "போயிட்டு வாறம் நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொல்லிவிட்டு ஏறினார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் சுவாமியிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். ஓரமாக, முப்பது நாற்பதில். பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்து அடித்து முந்திக்கொண்டு போயின. அப்படியே போயிருந்தால் சிலாபத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்போம், பிந்தி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பார்த்தேன். நான் பார்த்ததை அவர் கண்டார். "சரி டீச்சர்" என்றார். பிறகு வேகம் கூடியது. முந்தல் தாண்டியதும் இடது பின் டயர் வெடித்தது.

விசாரணையில் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டார். டயர்களில் காற்றுக் குறைவாக இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு வாகனங்களைப் பற்றித் தெரியாது என்றேன். வேகமாகப் போகச் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை, நான் ஒன்றும் பேசவில்லை என்றேன். இரண்டும் இலக்கணப்படி உண்மை. செத்த வீட்டில் நீ பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தான் காத்தத் திறந்தன், நான்தான் குழாய மாத்தல்ல" என்று கத்தினாய். பத்தொன்பது வயது உனக்கு. நான் மூன்று அடி தள்ளி, காறையெலும்பு உடைந்து கை கட்டியபடி கதிரையில் இருந்தேன். கட்டியிருந்தது கைதான், வாய் அல்ல. என் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார் அங்கே நின்றார்கள். என்னிடம் படித்தவர்கள் நின்றார்கள். உன் பெரியம்மா, "பிள்ளையச் சமாதானப்படுத்து" என்று என் காதுக்குள் சொன்னா. நான் உன்னைப் பார்த்து, "அழாத, எழும்பு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நீ நீர்கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாய். பல வருடம் வாகனம் ஓட்ட மாட்டேன் என்றிருந்தாய். திருநாளுக்கு வருவதை நிறுத்தினாய். இவன் இப்போது சரியாகி வருகிறான், பழையதைக் கிளறக் கூடாது என்று சொல்லாமல் விட்டதற்கு நானே நல்ல பெயர் வைத்துக்கொண்டேன். நீ பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது எனக்கு எழுதிய முதல் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டு ஞாபகமாக இருக்கிறது அம்மா என்று எழுதியிருந்தாய். நான் அதில் ஏழு பிழைக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு நீ சுகம், நலம் என்று இரண்டு வரிதான் எழுதினாய். பிழை வராத அளவுக்கு. மற்றவர்களின் பிழைக்குக் கோடு போட்டே நாற்பது வருடம் சம்பளம் வாங்கினேன். என்னுடையதற்குக் கீழே கோடு போட எனக்குக் கை வரவில்லை.

டிலானி பேசிய பிறகு இரண்டு நாள் கழித்து பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகத் தெரியவில்லை. டயர் எப்படி வெடிக்கிறது என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் உனக்கு விளக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கடைக்காரருக்குத் தாடி நரைத்துவிட்டது. நான் யாரென்று சொன்னேன். அவர் எழும்பி நின்றார். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து நிமிரும், வேகம் கூடக்கூட அது சூடேறும், உள்ளுக்குள்ளே நார் பிரிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நான் எழுதியதெல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். பிறகு சொன்னார்: "அண்டைக்கு நான் தொழப் போயிருந்தேன் டீச்சர். வந்து பாத்தா, இப்படியொரு வான் வந்து நிண்டுட்டுப் போச்சிண்டு இந்தப் பொம்புள சொல்லுது. பொறகுதான் செய்தி வந்திச்சி. அல்லாஹ்ட நாட்டம்தான். எண்டாலும் மனசு கேக்கல்ல. அதுக்குப் பொறகு வெள்ளிக்கிழமையில நான் காத்துக் குழாய வெளிய போட்டுட்டுத்தான் போறது. ஆரும் வந்து அடிச்சிக்கிட்டுப் போகலாம்." எந்தப் பிழையும் செய்யாத மனிதர். பத்து வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் குழாயை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு முன்னால் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

தேநீர்க் கடைப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். அந்த நாள் நான் பேசியதைக் கேட்ட ஒரே மனுசி அவள்தான். கடைக்காரருக்கு இன்றுவரைக்கும் அவள் அதைச் சொல்லவில்லை என்பது அவர் கதையிலிருந்து விளங்கியது. ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். பிளேன்டீயைக் கையில் தந்தாள். "இப்ப நேரம் இருக்கு தானே மிஸ்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. அவளுடைய தமிழில் அது அன்புதான். நான் அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தேன். பஸ் இரண்டு போயின.

இதை வாசித்தபின் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. என்னால் இனிச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அப்பாவைக் கொண்டுவர முடியாது. உன்னுடைய அந்தப் பத்து வருடத்தைத் திருப்பித் தர முடியாது. என்னை மன்னி என்று எழுதினால் அதுவும் நான் உனக்குத் தரும் இன்னொரு வேலையாகிவிடும். அதனால் எழுதவில்லை. குழாயை மாற்றாதது ஒரு சின்னப் பிழை. அதை அப்பா தார் ஓரத்திலேயே மன்னித்து உன்னை அனுப்பிவிட்டார். மிச்சம் எல்லாம் என்னுடையது. இந்தக் கடிதத்தை டிலானிக்குக் காட்டு. உன் வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் பக்கங்களை அவள் கையில் கொடுத்துவிடு. பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாலும் அது நியாயம்தான்.

கலியாண நாள் காலையில் ஒருமுறை காற்றைப் பார். சரியாக இருந்தால் மானியை உள்ளே வைத்துவிட்டு ஏறிவிடு. மறுபடி இறங்காதே. குறைந்திருந்தால் கடை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நில். முன்னால் எத்தனை லொறி நின்றாலும் நில். பூசை பத்து மணிக்கு. சுவாமியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், வந்திருப்பவர்களிடமும் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னை உள்ளே வரக் கூடாது என்று நினைத்தால், கோயில் வாசலுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். மணிக்கூடு கட்டிக்கொண்டு வர மாட்டேன். பிந்தி வா மகன்.

அம்மா